பூசணம் பூத்த கூலி

தீட்டைப் பற்றி இந்தச் சாதியச் சமூகத்துக்குத் தெரிந்த அளவு வேறு எதைப் பற்றியும் தெரியாது. யார் தொட்டால் தீட்டு, யார் நிழல் விழுந்தால் தீட்டு, எதைக் கழுவினால் போகும், எதை உடைத்தே போட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தார்கள். நாம் தொட்ட தண்ணீரில் இல்லாத நஞ்சைக் கண்டுபிடித்தவர்கள், தானியத்தில் நிஜமாகவே இருந்த நஞ்சை என்ன செய்தார்கள்? கூலி என்று அளந்து நம்ம மடியில் கொட்டினார்கள். அந்த நஞ்சுக்கு யார் பொறுப்பு என்பதுதான் என் கேள்வி.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். கார் அறுப்பு கொஞ்சம் தள்ளிப்போனால் ஐப்பசி மழையில் மாட்டும். களத்தில் நெல் நனையும். நனைந்த நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே கொதிக்கும், கையை விட்டால் சுடும். ரெண்டு மூணு நாளில் முளை கட்டும், பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூக்கும். எங்க ஊர்ப் பண்ணையில் மேலே காய்ந்த நெல் பத்தாயத்துக்குப் போகும். அடியில் கிடந்து மக்கியது கூலிக்கு வரும். மரக்கால் ஒன்றுதான். அளக்கப்பட்டது வேறு.

எங்க அம்மை அதைக் கொண்டாந்து சுளகில் போட்டுப் பொறுக்குவாள். நிறம் மாறினது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். "அவிச்சாச் சரியாப் போவும்ல" என்பாள். நல்லதில் பிள்ளைகளுக்குக் கஞ்சி. ஒதுக்கினதைத் தனியாகக் குத்திக் காய்ச்சி அவள் குடிப்பாள். கேட்டால், "எனக்கென்ன, கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்பாள்.

அவித்தால் சரியாகப் போகாது என்று இன்றைக்குத் தெரியும். பூசணம் சாகும், அது விட்டுப்போன நஞ்சு சாகாது. அஃப்லடாக்ஸின் என்ற அந்த நஞ்சு சாதாரணக் கொதிக்கு அழிவதில்லை. மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் அது சேரும் அளவுக்கு நெல்லில் சேருவதில்லை. ஆனால் நனைந்து குவிந்து கிடந்த நெல்லில் அதுவும் சேரும். நிறைய உள்ளே போனால் மஞ்சள்காமாலை, வயிறு வீக்கம், சில வாரங்களில் சாவு. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷம் போனால் ஈரலில் புற்றுநோய். மஞ்சள்காமாலை பி கிருமியும் கூட இருந்தால் ஆபத்து பல மடங்கு.

இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்த கதையைக் கேளுங்கள். 1960இல் இங்கிலாந்தில் சுமார் 1 லட்சம் வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் கோளாறு என்று பிடித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் நஞ்சைப் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். வான்கோழிக்கு முதலாளி இருந்தான், நட்டக் கணக்கு இருந்தது. நம்ம தெருவில் ஒருத்தன் வயிறு வீங்கிச் செத்தால், "சாராயம் குடிச்சிருப்பான்" என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

1974இல் குஜராத்தின் பஞ்ச்மஹால், ராஜஸ்தானின் பன்ஸ்வாரா மாவட்டங்களில் அறுப்பு நேரத்தில் மழை பெய்து மக்காச்சோளம் பூசணம் பிடித்தது. அதுவே அன்றாடச் சாப்பாடாக இருந்த பில் ஆதிவாசிகள் அதைத்தான் தின்றார்கள். 397 பேருக்கு நோய், 106 பேர் சாவு. அதே சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, சில மாதிரிகளில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. இன்றைக்குத் தானியத்துக்கு இந்தியச் சட்டம் அனுமதிக்கும் மொத்த அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது ஆயிரம் மடங்கு.

இனி நியாயத்துக்கு வருவோம். பண்ணையார் பக்கம் மூன்று வாதங்கள் உண்டு. படித்தவர்களே கூட இவற்றை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வாதம்: "அவருக்கு என்ன தெரியும்? அஃப்லடாக்ஸின் என்ற பேரையே அவர் கேட்டதில்லை." பேர் தெரியாது, சரி. ஆனால் தன் உலையில் போடக் கூடாது என்று தெரிந்திருந்ததே! ஒதுக்கத் தெரிந்தவனுக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது. ரசாயனம் படித்த பிறகுதான் அறம் தொடங்கும் என்றில்லை.

இரண்டாவது: "பிடிக்கலைன்னா வாங்காம இருந்திருக்கலாமே." எங்கே போய் இருப்பது? மறுநாள் வேலையும் அதே களத்தில்தான். மறுக்க வழியில்லாதவன் கை நீட்டுவதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது கணக்குப்பிள்ளையின் நியாயம்.

மூன்றாவது, கொஞ்சம் கடினமானது: "பட்டினிக்கு இது மேல் இல்லையா?" அன்றைய ராத்திரிக்கு மேல்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டினியா பூசணமா என்ற ரெண்டே வழியை நமக்கு விட்டுவைத்தது யார்? மேலே காய்ந்த நெல் இருந்தது. அதை அறுத்ததும் நாம்தான். மூன்றாவது வழியைப் பத்தாயத்தில் பூட்டிவிட்டு, மிச்சம் ரெண்டில் நல்லதைக் கொடுத்தேன் என்று சொல்வது தருமமாகாது.

1927இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டுக் கறியையும் வீசியெறிந்த எச்சிலையும் இனித் தொடாதீர்கள் என்றார். அதை நாம் சுயமரியாதைப் பேச்சாக மட்டுமே படித்துவந்தோம். அது ஈரலைப் பற்றிய பேச்சும்தான். எச்சம் என்று ஒதுக்கப்பட்டதைத் தின்று வளர்ந்த உடம்பு என்ன விலை கொடுத்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

பண்ணையார் காலம் போயிற்று என்பீர்கள். ஒதுக்குகிற வேலை போகவில்லை. ஐரோப்பா தன் மக்களின் தானியத்துக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம், நமக்கு 15. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு வரம்பு 17 சதவீதம். மழைக் காலத்தில் அதையும் தளர்த்துகிறார்கள். நனைந்த நெல்லோடு நிற்கிற விவசாயிக்கு அது தேவைதான். ஆனால் நாள்பட வைக்க 14க்குள் காய வேண்டும். காய்வதற்குள் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிற மூட்டை யாருடைய சோறு? 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஆறு புகுந்த தெருக்களில் நனைந்த அரிசியைக் கொட்ட மனசு வராமல் காயப்போட்ட வீடுகளைப் பார்த்தேன். "கழிச்சா வேற யாரு தருவா?" என்று ஒரு அக்கா கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்த யாருக்கும் யோக்கியதை இல்லை.

பண்ணையாரும் ஒதுக்கினார், எங்க அம்மையும் ஒதுக்கினாள். அவர் கெட்டதை அடுத்தவன் பானைக்குத் தள்ளினார். அவள் தன் தட்டுக்கு இழுத்துக்கொண்டாள். அவளைத் தியாகி என்று கும்பிட்டு முடித்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. யாராவது ஒருத்தர் அதைத் தின்றுதான் ஆக வேண்டும் என்ற ஏற்பாட்டில் அவளும் சிக்கியிருந்தாள். ஒதுக்கியது எந்த மனுசன் வாய்க்கும் போகக் கூடாது. அதற்கு ஈடாக நல்ல தானியம் வர வேண்டும். ரேஷன் கடைக்கு வரும் மூட்டையைச் சோதித்து, முடிவைக் கடை வாசலில் எழுதிப் போட வேண்டும். இதைப் பிச்சையாகக் கேட்கவில்லை. அளந்து கொடுக்க வேண்டிய கூலியின் பாக்கி இது.