சண்டைக்கு முன்னரே கற்க வேண்டிய பாடம்



ஆண்டவரைச் சோதிக்க வந்த சட்டவல்லுநனுக்குச் சட்டம் மனப்பாடம். தன் அயலான் யார் என்பதுதான் தெரியவில்லை. ஆண்டவர் அவனுக்குச் சட்ட விளக்கம் சொல்லவில்லை. எரிக்கோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்த ஒருவனைக் காட்டினார். அவனுடைய குலம் கோத்திரம் கேளாமல் காயங்களைக் கட்டிய சமாரியனையும் காட்டினார்.

1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி வட இத்தாலியிலே சோல்பெரினோவில் பெரும் போர் மூண்டது. அருகிலுள்ள காஸ்திலியோனே என்ற ஊரின் ஆலயங்கள் காயப்பட்டவர்களால் நிறைந்தன. அவ்வூர்ப் பெண்கள் எந்த நாட்டுப் படைவீரன் என்று பாராமல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக் காயங்களைக் கழுவினார்கள். இதைக் கண்ணாரக் கண்டு அவர்களோடு நின்று பணிசெய்தவர், ஜெனீவா வணிகர் ஹென்றி டூனான். அவர் எடுத்த முயற்சியால் 1864இல் முதலாவது ஜெனீவா உடன்படிக்கை பிறந்தது. 1949இல் செய்யப்பட்ட நான்கு உடன்படிக்கைகளை இன்று உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுள்ளன.

சர்வதேச மனிதாபிமானச் சட்டம் என்பது இதுவே. காயப்பட்டவனைக் கவனி, பிடிபட்டவனை வதைக்காதே, ஆயுதம் ஏந்தாதவனைத் தாக்காதே. ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் போரிலும் இவ்வடிப்படை விதிகள் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

நமது நாடு இவற்றை 1959இல் ஏற்றுக்கொண்டது. 31 ஆண்டுகளின் பின், 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1995 ஜூலை 9ஆம் திகதி, நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமடைந்த இடம்பெயர்ந்த மக்கள் விமானக் குண்டுவீச்சில் மடிந்தார்கள். சுட்டவர் வேறு, குண்டு போட்டவர் வேறு. செத்தவர்களோ இரு இடத்திலும் ஆயுதம் ஏந்தாதவர்கள். சட்டம் அன்றும் இருந்தது, கடதாசியில் இருந்தது.

நம் உள்ளத்தையும் சோதித்துப் பார்ப்போம். நம்மவர் இறந்தால் அழுகிறோம். மற்றவர் இறந்தால் காரணம் தேடுகிறோம். அப்படியானால் அயலான் யார் என்ற கேள்வி இன்னும் நம்மிடமே இருக்கிறது.

வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும். இச்சட்டத்தைப் போர்க்காலத்தில் மட்டுமல்ல, சமாதான காலத்திலும், படைவீரருக்கு மட்டுமல்ல, பொதுமக்களுக்கும் அறியச்செய்ய வேண்டும் என்று அவ்வுடன்படிக்கைகளே அரசுகளைப் பணிக்கின்றன. 2019 செப்டெம்பரில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு தம்புள்ளையிலே ஒரு மாநாட்டைக் கூட்டியது. பல நாடுகளின் பௌத்த துறவிகளும் அறிஞர்களும் படைத்துறையினரும் ஒன்றாய் அமர்ந்து, புத்த தர்மமும் போர்ச் சட்டமும் எங்கே சந்திக்கின்றன என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் தங்கள் வீட்டு விளக்கிலேயே இதற்கு ஒளி தேடினார்கள். நமது வீட்டு விளக்கு நல்ல சமாரியன் அல்லவா?

மறைக்கல்வி ஆசிரியர்களே, அவ்வுவமையைப் போதிக்கும் நாளில் இவ்விதிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உறுப்புரை இலக்கங்களை ஒப்புவிக்கச் செய்ய வேண்டாம். ஆண்டவர் செய்தது போல, வழியில் கிடக்கும் மனிதனைக் காட்டுங்கள். பெற்றோரே, போர்க்காலக் கதை சொல்லும்போது நவாலியைச் சொல்லுங்கள். காத்தான்குடியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அயலிலுள்ள கோவிலாரையும் பள்ளிவாசலாரையும் விகாரையினரையும் அழைத்து இதுபற்றிப் பேசுங்கள். போரில் யார் பக்கம் நியாயம் என்பதில் நாம் ஒன்றுபடாமல் இருக்கலாம். காயப்பட்டவனைக் கொல்லலாகாது என்பதில் ஒன்றுபட எது தடை?

ஆண்டவர் அந்தச் சட்டவல்லுநனை இன்னும் படித்துவிட்டு வா என்று அனுப்பவில்லை. சமாரியனைப் போலச் செய்யும்படி அனுப்பினார். நம்மையும் அவ்வழியிலேயே அனுப்புகிறார்.