மை பார்த்தல்

களவுபோன நகையைக் கண்டுபிடிக்க வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவரைச் சீர்திருத்தம் விழையும் நாம் நெடுங்காலமாகக் கண்டித்து வருகிறோம். ஆனால் வெற்றிலை காகிதமாகி, பார்ப்பவர் வைத்தியராகவும் இருந்துவிட்டால் நமது கண்டனம் ஏனோ அடங்கிவிடுகிறது. அவ்வாறு அடங்குதல் தகுமா?

ஹெர்மன் ரோர்ஷாக் என்னும் சுவிட்சர்லாந்து மனநோய் வைத்தியர் 1921-ல் பத்து மைக்கறைப் படங்களை வெளியிட்டார். படத்தைக் கையில் கொடுத்து, இது என்னவாக இருக்கலாம் என்று வினவுவதே பரீட்சை. 405 பேரின் விடைகளை அவர் ஆராய்ந்திருந்தார்; அவர்களிற் பெரும்பாலோர் நோயாளிகள். குறி சொல்வோர் ஒருபோதும் செய்யாத காரியம் இது. இதற்காக அவரைப் போற்றவேண்டும். மறு ஆண்டே, 37 வயதில், அவர் மறைந்தார். கணக்கைச் செப்பனிடும் வேலை பிறர் கைக்குப் போயிற்று.

ஐந்தாவது படத்தில் பலருக்கு வௌவால் தெரிகிறது. பலர் காண்பதைக் காண்பவன் இயல்பானவன். வேறொன்றைக் காண்பவனோ ஆராயப்படவேண்டியவன். எந்தப் பலர்? தண்ணீர்மலைத் தைப்பூசக் காவடிகளிடையே வளர்ந்த ஒருவன் அக்கறையிலே மயிலைக் கண்டால், அது அவன் பிணியா, அவன் ஊரா?

1999-ல் கலிபோர்னியாவில் நோயாளியல்லாத 123 பேரைச் சோதித்தார்கள். இரத்த தானம் செய்ய வந்தவர்கள் அவர்கள். அக்காலத்து மதிப்பீட்டின்படி ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு மனச்சிதைவு நோயின் சாயல் இருப்பதாகக் கணக்கு காட்டிற்று! இதன் பொருளை விரித்துப் பார்ப்போம். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு அந்நோய் உண்டென்றும், பரீட்சை அப்பத்துப் பேரையும் தவறாது பிடித்துவிடுகிறதென்றும் கொள்வோம். மீதி 990 பேரில் ஆறில் ஒரு பங்காகிய 165 பேரும் கூடவே பிடிபடுவர். 175 பேருக்குப் பட்டம் சூட்டப்படும். உரியவர் பத்தே பேர்.

ஆகவே பரீட்சையை அடுப்பிலிடுக என்கிறோமா? இல்லை. 2013-ல் முந்தைய ஆராய்ச்சிகள் பலவற்றைத் திரட்டி நிறுத்துப் பார்த்தனர். சிந்தனைக் குழப்பத்தையும் புலனறிவின் பிறழ்வையும் காட்டும் அளவுகள் உறுதியாக நின்றன. மற்றவற்றிற் பலவற்றுக்குச் சான்று சொற்பம், சிலவற்றுக்கு இல்லவே இல்லை. நோயாளியின் படுக்கையருகே வைத்தியருக்கு ஓரளவு துணையாகும் கருவியை, உத்தியோகத்துக்கு ஆளெடுக்கவும் ஒருவன் குணத்தைத் தீர்மானிக்கவும் நீட்டுவதையே நாம் மறுக்கிறோம். பிரட்டுக்கு வராதவனைச் செக்ரோலில் வராதவன் என்றே எழுதலாம். சோம்பேறி என்றெழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. கணக்கெழுதிப் பிழைப்போர் இதை நன்கறிவர்.

மனநோய் என்ற பட்டமோ எளிதில் அழிவதன்று. 1911-ல் பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. பின்னாளில் மகிழ்ச்சி எனப் பொருள்படும் ‘பஹாகியா’ என்ற பெயரை அதற்குச் சூட்டினார்கள். நம்மவர் ஒருவரையொருவர் ஏசுவதற்கு இன்றும் பழைய பெயரைத்தான் எடுக்கிறார்கள்.