பிறப்பு என்னும் சான்று

குடும்ப வரலாறு என்றதும் முன்னோர் பெருமையே பலருக்கும் நினைவில் எழுகின்றது. ஆயின் ஒருவர் சுதந்திர மனிதரா, பிறரது உடைமையா என்பதையே குடும்ப வரலாறு தீர்மானித்த சமுதாயங்களும் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் குடியேற்றமாயிருந்த வேர்ஜீனியா அத்தகையது. அங்கு வாழ்ந்த எலிசபெத் கீ என்னும் பெண்ணின் வழக்கு, நீதியின் அடிப்படை யாது என்னும் வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

எலிசபெத்தின் தந்தை தோமஸ் கீ ஆங்கிலேயத் தோட்ட உடைமையாளர். குடியேற்றத்தின் சட்டசபையிலும் அங்கம் வகித்தவர். தாயோ அவரிடம் அடிமையாயிருந்த ஆபிரிக்கப் பெண். 1636இல் தந்தை சிறுமியை ஒன்பது ஆண்டு ஊழிய ஒப்பந்தத்தின்பேரில் வேறொருவரிடம் ஒப்படைத்தார். அவள் பின்னர் கேணல் ஜோன் மொட்றம் என்பவரின் கைக்கு மாறினாள். தவணை கடந்தும் விடுதலை கிட்டவில்லை. 1655இல் மொட்றம் இறந்தபின், அவரது சொத்தைப் பொறுப்பேற்றோர் அவளையும் அவளது குழந்தையையும் அடிமைகள் என்றே கொண்டனர்.

எலிசபெத் நீதிமன்றை நாடினாள். குழந்தையின் தந்தையான வில்லியம் கிறின்ஸ்டெட் என்னும் ஆங்கிலேயர் அவளுக்காக வாதாடினார். ஆங்கிலச் சட்டப்படி பிள்ளை தந்தையின் நிலையையே பெறும்; அவள் ஞானஸ்நானம் பெற்ற கிறித்தவள்; ஒப்பந்தத் தவணையும் முடிந்துவிட்டது. இவையே வாதங்கள். தீர்ப்புகள் மாறிமாறி வந்து, ஈற்றில் 1656இல் அவள் விடுதலை பெற்றாள்.

இவ்வெற்றி நமக்கு மகிழ்ச்சி தருவதே. எனினும் அது எதன்மீது நின்றது என்பதை நோக்குதல் வேண்டும். மகளை விடுவித்த முதல் வாதம் தாயை அடிமைத்தனத்திலேயே விட்டுச் சென்றது. சாட்சியங்களில் அத்தாய் ‘நீக்கிரோப் பெண்’ என்று சுட்டப்பட்டதோடு சரி. எலிசபெத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று; வெள்ளத்தில் வீழ்ந்தவள் கைக்கெட்டிய கொம்பைப் பற்றத்தான் செய்வாள். குறை, அக்கொம்பைத் தவிர வேறொன்றையும் வைத்திராத சமுதாய அமைப்பினுடையதாகும்.

உடைமையாளர் விரைவிலேயே விழித்துக்கொண்டனர். 1662இல் வேர்ஜீனியச் சட்டசபை, பிள்ளை தாயின் நிலையையே பெறும் எனச் சட்டம் செய்தது. 1667இல் ஞானஸ்நானம் அடிமை நிலையை மாற்றாது என மற்றொரு சட்டம் வந்தது. இதனால் எசமான் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையும் அவனது சொத்தாயிற்று. தந்தைமையின் பொறுப்பு நீங்கி, இலாபமே எஞ்சியது. புகையிலைத் தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பைத் தாயின் கருப்பையே வழங்குமாறு சட்டம் வகுக்கப்பட்டது. தென் மாநிலங்களெங்கும் பரவிய இவ்விதி, 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்படும்வரை நிலைத்தது.

பிறப்பைச் சான்றாகக் காட்டிப் பெறும் உரிமையை, பிறப்பின் விதியை மாற்றிப் பறித்துவிடலாம் என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது. மனிதராயிருத்தல் ஒன்றே போதிய சான்று என ஏற்கும் நீதியே நிலையான நீதியாகும். அத்தகைய மன்று ஒன்று அன்று இருந்திருப்பின், மகளுக்கு முன்பே தாய் அங்கு வழக்காடியிருப்பாள்.