அறியாதவனின் கவனக்குறைவு

சிவகாசி வட்டாரத்தில் வெடிவிபத்து நேரும்போதெல்லாம் செய்தித்தாளில் பெரும்பாலும் ஒரே வாக்கியம் இடம்பெறுகிறது: மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது. தொழிலாளியின் கவனக்குறைவு என்பதும் சேர்ந்துகொள்ளும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் சுமார் 20 பேர். இத்தனை பேரும் கவனமற்றவர்களா?

கவனக்குறைவை நம் சமய நூல்கள் பிரமாதம் என்று கூறும். பிரமாதத்தால் உயிர்க்கு ஊறு விளைவிப்பதே இம்சை. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி என்பதொன்று. பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் நன்கு பார்த்து, மயிற்பீலியால் மெல்லத் துடைத்துச் செயற்படுதல். பார்த்த பின்னரே பீலிக்கு வேலை என்பதை அன்பர்கள் கருதவேண்டும்.

மருந்தறைத் தொழிலாளியும் எடுப்பதும் வைப்பதுமாகவே நாளைக் கழிக்கிறார். ஆனால் கையிலுள்ள பொடியின் இயல்பைக் கண்ணால் அறிய இயலாது. வெடியுப்பும் வெண்மை, பச்சை உப்பும் வெண்மை. பச்சை உப்பு என்பது பேரியம் நைட்ரேட். பெயர் அது தரும் ஒளியின் நிறத்தைச் சொல்கிறதேயன்றி, நஞ்சென்பதைச் சொல்லவில்லை. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். கந்தகத்தோடு குளோரேட் சேர்ந்தால் சிறு உராய்வே போதும். 1992-லேயே அச்சேர்க்கை தடைசெய்யப்பட்டது. இவற்றை அனுபவத்தால் கற்க வழியில்லை. முதற்பாடமே இறுதிப்பாடமாகிவிடும்.

நாட்டுக்கெல்லாம் வண்ண லேபிள் அச்சிட்டுத் தரும் ஊர் சிவகாசி! ஆயினும் மூட்டையிலிருந்து வாளிக்கு மாறிய பொடிக்கு லேபிள் ஏது?

போபால் துயரத்திற்குப் பின், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான தொழில்களில் ஆபத்தைத் தொழிலாளர்க்குத் தெரிவிப்பது நிர்வாகத்தின் கடமையாயிற்று. 1989-ஆம் ஆண்டின் விதிகள், அபாயகரமான இரசாயனக் கலங்களின்மீது உள்ளிருப்பதையும் அதன் தன்மையையும் எழுதவேண்டும் என்றன. சட்டம் இருக்கட்டும். ‘எல்லாம் சொன்னால் அஞ்சி வேலைக்கு வரமாட்டார்கள்’ என்பவரும் உண்டு. அவ்வாறாயின் கொலையினும் முன்னதாக அங்கே களவு நிகழ்கிறது. கொடாததைக் கொள்ளுதல் களவு என்பதை நாம் அறிவோம். ஆபத்தை மறைத்துப் பெற்ற உழைப்பு அவர் கொடுத்ததா, நாம் எடுத்ததா?

நமக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் தொடர்பில்லை என்று சிராவகர்கள் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் வந்தவாசி, ஆரணிப் பக்கங்களில் நம்மவர் பலர் நிலமுடையோர். பூச்சிமருந்துக் கலத்தின் சிவப்பு முக்கோணம் கடும் நஞ்சைக் குறிப்பது. அம்மருந்தைப் பழைய சோடாப் புட்டியில் ஊற்றி வயலுக்குக் கொடுத்தனுப்பும்போது முக்கோணம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அடியேனும் பல ஆண்டுகள் அவ்வாறு கொடுத்தனுப்பியதுண்டு. வாங்கிச் சென்றவர் கைகழுவிய பின் உண்டாரா என்று ஒருநாளும் கேட்டதில்லை.