ஜும்ஆ உரை: நோய்க் காலத்தில் பயணிகளின் பொறுப்பாளர்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மத் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! நாம் ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பர், நம் பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம் என்ற நபிமொழியை அடிக்கடி கேட்கிறோம். அதில் ஆட்சியாளர் வருகிறார், குடும்பத் தலைவர் வருகிறார், வீட்டைப் பொறுப்பேற்ற பெண் வருகிறார். இந்தப் பட்டியலில் நாம் சேர்த்துப் பார்க்காத ஒருவர் இருக்கிறார். உம்ரா குழுவை அழைத்துச் செல்பவர், விடுதி நடத்துபவர், சுற்றுலாவுக்கு ஆள் சேர்த்து முன்பணம் வாங்கியவர். ஊரில் கொள்ளைநோய் வரும்போது இவருடைய பொறுப்பு என்ன? இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

உமர் (ரலி) அவர்கள் தோழர்களுடன் ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். ஹிஜாஸின் எல்லையில் ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அபூ உபைதா (ரலி) அவர்களும் படைத்தளபதிகளும் எதிரே வந்து, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதைச் சொன்னார்கள். கலீஃபா உடனே தாமாக முடிவெடுக்கவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்களிடம் ஒத்த கருத்து இல்லை. அன்சாரிகளை அழைத்தார்கள், அவர்களும் கருத்து வேறுபட்டார்கள். பிறகு மக்கா வெற்றிக்குப் பின் வந்த குறைஷிப் பெரியவர்களைக் கேட்டார்கள். மக்களை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள் என்று அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். காலையில் திரும்பப் போவதாக அறிவிப்பு வந்தது.

அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை செழிப்பாகவும் மறுகரை வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது விதிப்படிதானே என்று கேட்டார்கள். உவமையைக் கவனியுங்கள் சகோதரர்களே: பேச்சு தம் உயிரைப் பற்றியது அல்ல, மேய்ப்பரிடம் ஒப்படைக்கப்பட்ட ஒட்டகங்களைப் பற்றியது. அதன் பிறகுதான் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து தப்பியோடவும் வேண்டாம் என்று நபி (ஸல்) சொன்னதைக் கேட்டிருப்பதாகத் தெரிவித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவமும் ஹஜ்ஜின் வரலாற்றிலேயே உண்டு. 1865-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் காலரா பரவி, ஆயிரக்கணக்கான ஹாஜிகள் இறந்தார்கள். ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு மே மாதம் சூயஸ் துறைமுகத்துக்கு ஓர் ஆங்கிலேயக் கப்பல் வந்தது. வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட உடல்கள் கடலில் விடப்பட்டிருந்தன. ஆனால் கப்பலில் தொற்றுநோய் எதுவும் இல்லை என்றே கேப்டன் அறிவித்தார். ஓரிரு நாளில் அவரும் அவருடைய மனைவியும் நோயில் விழுந்தார்கள். ஜூன் மாதம் அலெக்ஸாந்திரியாவில் காலரா, அங்கிருந்து ஐரோப்பா. மறு ஆண்டே இஸ்தான்புல்லில் பல நாடுகள் கூடி, ஹஜ் பாதையில் நோய்த்தடுப்பைப் பற்றி விவாதிக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் நம் நாட்டு ஹாஜிகள் கமரான் தீவில் தடுத்து வைக்கப்பட்டு, சோதனைக்குப் பிறகு ஜித்தாவுக்கு அனுப்பப்பட்டதெல்லாம் இதன் தொடர்ச்சிதான்.

இதே கதை நம் காலத்திலும் நடந்தது. ஆஸ்திரியாவின் இஷ்கல் பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற சுற்றுலா ஊர். 2020 மார்ச் 5 அன்று, அங்கிருந்து திரும்பியவர்களுக்குக் கொரோனா இருந்ததால், ஐஸ்லாந்து அந்த ஊரை ஆபத்தான பகுதி என்று அறிவித்தது. 7-ஆம் தேதி அங்கிருந்த மதுக்கூட ஊழியர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. மறுநாளே, அவரிடமிருந்து விருந்தினர்களுக்குப் பரவியிருக்க வாய்ப்பு குறைவு என்று மாகாண நிர்வாகம் அறிக்கை விட்டது. 13-ஆம் தேதி பள்ளத்தாக்கு மூடப்படுவதாக அறிவித்தபோது, பயணிகள் அவசர அவசரமாகக் கிளம்பி, பல நாடுகளுக்கு நோயையும் எடுத்துப் போனார்கள். அதிகாரிகள் தவறிழைத்தார்கள் என்று பின்னர் விசாரணைக் குழு சொன்னது. அவர்களுடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்று நாம் தீர்ப்பளிக்க வேண்டாம். அது அல்லாஹ்வுக்கே தெரியும்.

நபி (ஸல்) ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவரோடு தமக்குத் தொடர்பில்லை என்று எச்சரித்தார்கள். கோதுமையின் ஈரத்தை மறைப்பதற்கே இந்த எச்சரிக்கை என்றால், விடுதியில் நோய் இருப்பதை மறைத்து அறையை வாடகைக்கு விடுவதற்கு?

2020 பிப்ரவரி 27 அன்று சவூதி அரசு வெளிநாட்டு உம்ரா பயணிகளின் வருகையை நிறுத்தியது. அந்த நாட்டில் முதல் தொற்று உறுதியானது மார்ச் 2-ஆம் தேதிதான். ஒரு நோயாளிகூட இல்லாதபோது கதவை மூடுவது எளிதல்ல. முந்தைய ஆண்டு சுமார் 25 லட்சம் பேர் செய்த ஹஜ், அந்த ஆண்டு நாட்டுக்குள் இருந்த மிகச் சிலருக்கு மட்டும் என்றானது. 2021-இல் 60,000 பேர். காஅபாவைச் சுற்றி வெறிச்சோடிய தவாஃப் பாதையைப் பார்த்து அழாதவர் யார்! ஆனால் அல்லாஹ்வின் வீட்டுக்கு வருபவர்கள் அவனுடைய விருந்தினர்கள் அல்லவா? விருந்தினரின் உயிரைக் காக்காமல் விருந்து ஏது?

பயண ஏற்பாட்டாளர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பயணம் நின்றால் உங்களுக்கு நட்டம் உண்டு. விமானச் சீட்டுக்கும் அறைக்கும் கட்டிய பணம் எங்கோ சிக்கியிருக்கும். அதை மறுக்கவில்லை. ஆனால் அதை ஹாஜியிடம் மறைக்காதீர்கள். எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு திரும்ப வந்தது, மீதி எப்போது வரும் என்று கணக்கைக் காட்டுங்கள். திரும்ப வந்த பணத்தை அடுத்த வியாபாரத்தில் போடாதீர்கள், அது அமானத். பல ஆண்டு சேமித்துக் கொடுத்த மூதாட்டி, பணத்துக்காக உங்கள் கடைப்படி ஏறி இறங்கக் கூடாது. பயணிகளே, நீங்களும் காய்ச்சலை மாத்திரையால் மறைத்துக்கொண்டு குழுவில் ஏறாதீர்கள்.

அபூ உபைதா (ரலி) அவர்களைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். கலீஃபா அவர்களை மதீனாவுக்கு அழைத்துக் கடிதம் எழுதினார்கள். தம்மைக் காப்பாற்றத்தான் அழைக்கிறார் என்பது அவர்களுக்குப் புரிந்தது. மக்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் வர மனமில்லை என்று பதில் எழுதிவிட்டு, அங்கேயே இருந்து, ஹிஜ்ரி 18-இல் அதே அம்வாஸ் கொள்ளைநோயில் மரணமடைந்தார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் (ரலி) அவர்களும் அதே நோயில் இறந்தார்கள். பிறகு அம்ர் பின் ஆஸ் (ரலி) மக்களை மலைப் பகுதிகளுக்குப் பிரிந்து போகச் செய்தார்கள், நோய் விலகியது.

யா அல்லாஹ்! பயணத்தில் நோயுற்று, சொந்த ஊர் மண்ணைக் காணாமல் இறந்துபோன எங்கள் சகோதரர்களை மன்னிப்பாயாக! அவர்களை ஷஹீத்களின் கூட்டத்தில் சேர்ப்பாயாக! ஆமீன்.