நீட்டிய கை

போன தைப்பூசத்தில் பாட்டி பால்குடம் எடுத்துப் பத்துமலையின் 272 படிகளையும் ஏறினார். நான் சில படிகள் முன்னால் நின்று ஹேன்போனில் பதிவு செய்தேன். ஸ்டோரியில் போட்டதும் நிறைய லைக்.

பாட்டி இப்போது இல்லை. நேற்று அந்தக் காணொளியை மறுபடி பார்த்தேன். மேலே நெருங்கும்போது, ஒரு கையால் குடத்தைப் பிடித்தபடி மறுகையை என்னை நோக்கி நீட்டுகிறார். படம் ஆடாமல் அப்படியே நிற்கிறது. பக்கத்தில் ஏறிய யாரோ ஓர் அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

பதிவு செய்யாவிட்டால் மறந்துபோகும் என்கிறோம். உண்மைதான். அந்தக் கையை நான் முதன்முதலாகப் பார்த்ததே காணொளியில்தான். ஆனால் நினைவில் வைத்திருப்பது வேறு, கூட இருப்பது வேறு.

படம் எடுக்கிறது தப்பில்லை. ஒருத்தர் கை நீட்டுறப்போ நம்ம கை காலியா இருக்கணும், அவ்வளவுதான்.