ஏழையின் வழக்கும் வக்கீலின் கடனும்

ஹைதராபாத்தை அடுத்த ஷாமீர்பேட்டையில் இருக்கிறது நல்சார் சட்டப் பல்கலைக்கழகம். அங்கே ஐந்தாண்டுப் படிப்பை முடிக்க இன்று பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு வங்கிக் கடன்தான் வழி. பத்து லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை மட்டும் 13,200 ரூபாயைத் தாண்டும்.

நகரங்களில் ஜூனியர் வக்கீலுக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுங்கள் என்று இந்திய பார் கவுன்சில் பரிந்துரைத்ததே 2024-ல்தான். அந்தத் தொகை முழுதாகக் கைக்கு வந்தாலும் தவணை போக மிஞ்சுவது ஏழாயிரத்துக்கும் குறைவு. அதில் வாடகை கொடுப்பதா, சாப்பிடுவதா? ஏழைகளுக்காக வாதாட ஆசைப்பட்ட பிள்ளை கார்ப்பரேட் நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

பொதுப்பணிக்கு வரும் வக்கீலின் படிப்புக் கடனை அரசு ஏற்பதே அறம். இது சலுகை அல்ல, அரசு தன் கடமையைச் செய்வது.

சிலப்பதிகாரத்தில் கோவலன் ஏன் செத்தான்? அவன் பக்கத்து நியாயத்தைக் கேட்க ஆளில்லை, எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. கண்ணகி வந்து வழக்குரைத்தபோது உயிர் போய்விட்டிருந்தது. வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்து, அதை அடுத்தே கொடுங்கோன்மையையும் வைத்தார். மணிமேகலையோ சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கச் செய்தாள். நம் மரபில் நீதி ஆள்பவன் தலைமேல் நிற்கும் பொறுப்பு. அரசியல் சாசனத்தின் 39ஏ பிரிவு இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்கியதும் அதே வழியில்தான். ஆனாலும் 2022 கணக்குப்படி நம் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராமல் உள்ளே கிடப்பவர்கள். அவர்களுக்காகச் சட்டப்பணிகள் ஆணைக்குழு முழுநேர வக்கீல்களை ஒப்பந்தத்தில் அமர்த்துகிறது. இந்த வக்கீல்கள் தனியாக வழக்கு எடுக்கக் கூடாது. வேறு வருமானத்துக்கு வழியை அடைத்துவிட்டு, தவணையை மட்டும் விடாமல் வாங்குவது என்ன நியாயம்?

நர்ஸும் ஆசிரியரும் கடன் வாங்கித்தானே படிக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்களுக்கும் செய்யட்டும், அதற்காக இதை நிறுத்த வேண்டியதில்லை.

வழி புதிதல்ல. அமெரிக்காவில் 2007-ல் வந்த சட்டப்படி, பொதுப்பணியில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டியவரின் மீதிக் கல்விக் கடனை மத்திய அரசு தள்ளுபடி செய்கிறது. ஆந்திரம் 2019-ல் ஜூனியர் வக்கீல்களுக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. தெலங்கானா அரசு இன்னும் ஒரு படி மேலே போகட்டும். சட்ட உதவிப் பணியில் இருக்கும் வரை அசலுக்கான தவணையை நிறுத்திவைத்து, வட்டியை அரசே கட்டட்டும்; பத்தாண்டு உழைத்தவரின் மீதிக் கடனைத் தீர்த்து, அந்தக் கடனுக்காக அடமானத்தில் கிடக்கும் வீட்டுப் பத்திரத்தைப் பெற்றோரிடம் திருப்பிக் கொடுக்கட்டும். அடுத்த பட்ஜெட்டிலேயே இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.